லண்டன் ஹெச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட்: ஒரு பழைய கன்னரின் மதிப்புரை

டவர் பிரிட்ஜைப் படம் எடுக்கிறவர்கள் எல்லாருடைய படத்திலும் ஓரமாக ஒரு போர்க்கப்பல் விழுந்திருக்கும். அதுதான் பெல்ஃபாஸ்ட். 1938-இல் நீரில் இறங்கி, 1939 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1971 அக்டோபர் 21-ஆம் தேதி, டிரஃபால்கர் நாளன்று, பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்ட குரூசர். இதைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் "குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்", "ஏணி செங்குத்தாக இருக்கிறது" என்ற இரண்டு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் சரிதான். நான் பீரங்கிகளைப் பற்றி மட்டும் எழுதப்போகிறேன். இதில் இருக்கும் அதே ஆறு அங்குலப் பீரங்கியின் (ஆறு அங்குலம் என்பது குழல் வாயின் அகலம்) பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான்.

நம்முடைய பழைய ஐ.என்.எஸ். மைசூரை இப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. ஹெச்.எம்.எஸ். நைஜீரியா என்ற பெயரில் போரில் ஓடிய கப்பல் அது. இந்தியா வாங்கி, 1957-இல் மைசூர் என்று பெயர் சூட்டிச் சேர்த்துக்கொண்டது. 1971 போரில் மேற்குக் கடற்படைப் பிரிவின் கொடிக்கப்பல், அதாவது தளபதியின் கப்பல். 1985-இல் ஓய்வு கொடுத்தார்கள். அதில் மூன்று டரட், அதாவது பீரங்கிகளைத் தாங்கித் திரும்பும் இரும்புக் கூண்டு. டரட்டுக்கு மூன்று பீரங்கி, மொத்தம் ஒன்பது. பெல்ஃபாஸ்டில் நான்கு டரட், பன்னிரண்டு பீரங்கி. பீரங்கி மட்டும் இரண்டு கப்பலிலும் ஒன்றேதான்: ஆறு அங்குலம், மார்க் 23. மைசூரை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதனால் நான் பயிற்சி பெற்ற பீரங்கியைத் திரும்பத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் தேம்ஸ் நதிக்குத்தான் போக வேண்டும். மகள் அங்கே இருப்பதால் போனேன். மாப்பிள்ளையும் கூட வந்தார்.

கப்பலின் முன்பக்கம் ஏ, பி என்று இரண்டு டரட்டுகள், ஒன்றுக்கு மேல் ஒன்று எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கின்றன. அங்கே நின்றதும் மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி: "மாமா, இது சுட்டா சத்தம் எவ்வளவு இருக்கும்?"

"சத்தம்னு சொல்லாதீங்க மாப்பிள்ளை. அது அடி" என்றேன்.

இந்த ஒரு விஷயத்தைத்தான் எந்த அருங்காட்சியகமும் காட்ட முடியாது. பெரிய பீரங்கி வெடிக்கும்போது குழல் வாயிலிருந்து வருவது முதலில் காற்று. ஒரு சுவர் வந்து மோதுகிற மாதிரி நெஞ்சில் மோதும். சட்டை உடம்போடு ஒட்டும். பல்லுக்குள் தெரியும். காதுக்கு என்ன கேட்டது என்று யோசிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பெருஞ்சத்தம் வந்தால் நம் காதுக்குள் இருக்கும் சின்னத் தசைகள் இறுகி ஓரளவுக்குத் தற்காத்துக்கொள்ளும். ஆனால் அவை இறுகுவதற்குக் கண நேரமாவது வேண்டும். பீரங்கி அந்தக் கண நேரத்தைக் கொடுப்பதில்லை. திடீர் வெடிச் சத்தத்துக்கு 140 டெசிபெலை உச்ச எல்லையாக வைத்திருக்கிறார்கள். பீரங்கி மேடையில் நிற்கிறவன் அந்த எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறான்.

இன்னொன்று. பீரங்கிக் கப்பலில் ஆகக் கொடுமையான இடம் டரட்டுக்கு உள்ளேதான் என்று பார்க்க வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. டரட்டுக்குள் இருக்கிறவனுக்கும் குழல் வாய்க்கும் நடுவே இரும்புக் கவசம் இருக்கிறது, குழலின் முழு நீளமும் இருக்கிறது. உள்ளே கேட்பது ஒரு கனத்த 'தொம்', அதோடு இரும்பு நகரும் ஓசை. அடி முழுக்க விழுவது வெளியே திறந்த மேடையில் நிற்கிறவன்மேல். கப்பலை நடத்தும் மேல்மேடையான 'பாலத்தில்' நிற்கிற அதிகாரி, பக்கவாட்டு மேடையில் சின்னப் பீரங்கி வைத்திருப்பவன், சிக்னல்காரன், இவர்கள்தான் வாங்கிக்கொள்வார்கள். டரட்டை முன்னே பார்த்தபடி வைத்துச் சுட்டால் பாலத்துக்குப் பரவாயில்லை. பக்கவாட்டில் திருப்பி, இன்னும் கொஞ்சம் பின்னோக்கித் திருப்பினால் குழல் வாய் பாலத்துக்கு நேராக வந்துவிடும். அப்போது மேலே நிற்கிறவன் பாடு திண்டாட்டம்தான். பெல்ஃபாஸ்டில் பாலத்தின்மேல் ஏறி நின்று முன்டரட்டுகளைக் கீழே பாருங்கள். ஒரு அறிவிப்புப் பலகையும் தேவைப்படாது, நான் சொல்வது தானாகவே விளங்கும்.

கப்பலே தன் பீரங்கியிடம் அடி வாங்கும். 1944 ஜூன் 6, நார்மண்டி தரையிறக்கத்தன்று, இதே பெல்ஃபாஸ்ட் சுட்ட அதிர்ச்சியில் மாலுமிகளின் கழிப்பறைப் பீங்கான்கள் விரிசல் விட்டதாக அங்கே சொல்கிறார்கள். கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. நான் சிரிக்கவில்லை, நம்பினேன். சால்வோ, அதாவது பல பீரங்கிகள் ஒன்றாகச் சுடும் சுற்று, போன பிறகு மேல்தட்டிலிருந்து பெயிண்ட் செதில் தலையில் கொட்டும், பல்புகள் உடையும், மெஸ்ஸில் மூடி வைக்காத எதுவும் தரையில் கிடக்கும். இதைவிடப் பெரிய கப்பல்களின் கதை இன்னும் மோசம். 1941 மே மாதம் ஜெர்மனியின் பிஸ்மார்க், ஹெச்.எம்.எஸ். நோர்ஃபோக்கைப் பார்த்துச் சுட்டபோது அந்த அதிர்ச்சியில் தன்னுடைய முன்பக்க ரேடாரையே கெடுத்துக்கொண்டது. நான்கு நாள் கழித்து அந்த பிஸ்மார்க்கைத் தீர்த்துக்கட்டிய ஹெச்.எம்.எஸ். ரோட்னி, தன் 16 அங்குலப் பீரங்கிகள் கொடுத்த அடியில் தன் மேல்தளத்தையும் குழாய்களையும் தானே சேதப்படுத்திக்கொண்டது. ஜப்பானின் யமாட்டோவில் 46 சென்டிமீட்டர் பீரங்கி. அந்தக் காற்று அடிக்குத் தாங்காது என்று படகுகளைக்கூட மேல்தளத்தில் வைக்காமல் உள்ளே வைத்துக் கட்டினார்கள். படகுக்கே இந்தக் கதி என்றால் பக்கத்தில் நின்ற ஆளை நினைத்துப் பாருங்கள்.

சரி, டரட்டுக்குள் போவோம். ஒரு டரட்டுக்குள் ஒலி, ஒளி, புகை, அதிர்வு எல்லாம் வைத்து 1943-ஆம் ஆண்டுச் சூழலைக் காட்ட முயன்றிருக்கிறார்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அந்த ஒலிபெருக்கிச் சத்தம் தேவைப்படவில்லை. நான் நேரே பிரீச்சிடம் போய் நின்றுவிட்டேன். நீங்களும் அதையே செய்யுங்கள். குழலின் பின்கதவு அது. திருகு மரை முழுவட்டமாக ஓடாமல் விட்டு விட்டுப் படிக்கட்டு மாதிரி வெட்டியிருப்பதைக் கவனியுங்கள். அப்படி வெட்டியிருப்பதால்தான் பல சுற்று சுற்றாமல் ஒரு சிறு திருப்பிலேயே கதவு இறுகப் பூட்டிக்கொள்கிறது. நிமிடத்துக்கு எட்டு ரவுண்டு வரை சுட வேண்டிய பீரங்கியில் ஏழெட்டு நொடிக்குள் குண்டு, வெடிமருந்து, பூட்டு, சுடு, திற என்று எல்லாம் நடந்தாக வேண்டும். குண்டு ஒன்று 112 பவுண்டு, ஏறக்குறைய 51 கிலோ. அதற்குப் பின்னால் தனியாகத் துணிப்பையில் கட்டிய கார்டைட் மருந்து 30 பவுண்டு. ஆட்டம் போடும் கப்பலில், முட்டி மோதும் இடத்தில், இதை ஆட்கள் கையால் பிடித்துத் தட்டில் ஏற்றினார்கள். இயந்திரம் எல்லாம் செய்தது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

சுடுவதற்கு முன் ஒரு மணி 'டிங் டிங்' என்று அடிக்கும். ரொம்பச் சின்ன மணி. டரட்டில் வேலை பார்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், பீரங்கிச் சத்தத்தைவிட அந்த மணியைத்தான் முதலில் சொல்வார்கள். மணி கேட்டதும் உடம்பு தானாக இறுகும். வாயை லேசாகத் திறந்துகொள்ளச் சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு அந்த இரும்பு மொத்தமும் உங்களைப் பார்த்துப் பின்னோக்கிப் பாயும், நின்று, மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பும். கதவைத் திறந்தால் உள்ளே காற்றைப் பீய்ச்சிப் புகையையும் எரியாமல் மிஞ்சிய துணுக்கையும் முன்பக்கமாகத் தள்ளிவிடுவார்கள். அப்படியும் கொஞ்சம் உள்ளே வரும். கார்டைட் வாசனை இனிப்பும் கசப்புமாக இருக்கும், தொண்டையில் தங்கும். அருங்காட்சியகத்தில் இந்த வாசனை இல்லை. இருந்தால் நான் இன்னொரு மணி நேரம் அங்கேயே நின்றிருப்பேன்.

பின்னோக்கிப் பாய்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இரண்டு பீரங்கி வெடிக்கும்போது நம்முடையது வெடித்ததா இல்லையா என்று காதை வைத்துச் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்: பின்னுக்குப் பாய்ந்ததா, இல்லையா. இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1929-இல் ஹெச்.எம்.எஸ். டெவன்ஷயர் ஒரு உதாரணம். ஒரு பீரங்கியில் மருந்து பற்றாமல் தாமதித்தது. சுட்டுவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே இருந்த மருந்து அப்போது வெடித்தது. அந்த டரட்டில் பலர் செத்தார்கள். பயிற்சியில் எங்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெல்ஃபாஸ்டின் டரட்டில் நின்று மூன்று பீரங்கிகளும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்தால் அந்த விபத்து எப்படி நடந்திருக்கும் என்பது புரியும்.

வெளியே வந்ததும் டரட்டை முன்பக்கமிருந்து பாருங்கள். மூன்று குழல்களில் நடுக்குழல் மட்டும் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். சுமார் 76 சென்டிமீட்டர். அழகுக்காக இல்லை. மூன்று குண்டும் ஒரே கோட்டில் சேர்ந்து கிளம்பினால் ஒன்றின் காற்று இன்னொன்றைத் தள்ளும், குறி சிதறும். அதற்காக நடுவில் உள்ளதைப் பின்னுக்கு வைத்தார்கள். குண்டே பக்கத்துக் குண்டின் காற்றுக்கு அசைகிறது, பாருங்கள்.

என்னைக் கேட்டால் இந்தக் கப்பலின் உயிர் டரட்டில் இல்லை. கீழே, நீர்மட்டத்துக்கும் கீழே இருக்கிற குண்டறையில் இருக்கிறது. பலர் களைத்துப்போய் அங்கே இறங்காமலே திரும்பிவிடுகிறார்கள். குண்டுகள் ஒரு வட்டத்தில் நெட்டுக்குத்தாக, தோளோடு தோள் சேர்த்து நிற்கும். அந்த வட்டம் சுழலும். நடுவில் மேலே தூக்கும் பாதை. அங்கே வேலை செய்தவனுக்கு வானம் கிடையாது, எதிரி கிடையாது, சண்டை எப்படிப் போகிறது என்று சொல்ல ஆளும் கிடையாது. தலைக்கு மேலே 'தொம்' என்று விழும்போது தான் அனுப்பிய குண்டு போய்விட்டது என்று தெரியும், அடுத்ததை உருட்டுவான். காதுக்கு அங்கே பெரிய சேதம் இல்லை. ஆனால் மேலே ஏறும் வழியான ஹேட்ச் மூடியிருக்கும். தீப்பிடித்தால் மருந்தறைக்குள் கடல்நீரைத் திறந்துவிட ஏற்பாடு இருக்கும், அதை உள்ளே இருப்பவனும் அறிவான். நான் சிறிது காலம் இந்த மாதிரி அறையில் இருந்திருக்கிறேன். திறந்த மேடையில் அடி வாங்குவது மேல் என்று தோன்றும்.

குண்டும் மருந்தும் வேறு வேறு அறையில், வேறு வேறு பாதையில் மேலே போவதைக் கவனித்துப் பாருங்கள். 1916-இல் ஜட்லண்ட் சண்டையில் இன்டிஃபேட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் என்று மூன்று பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் ஒரே நாளில் வெடித்துச் சிதறின. டரட்டில் பிடித்த தீ, திறந்து கிடந்த வழியே மருந்தறை வரை இறங்கியதுதான் காரணம். அதற்குப் பிறகுதான் தீ தாவாத கதவுகள், பீரங்கிக்காரர்கள் முகத்திலும் கையிலும் போட்டுக்கொள்ளும் வெள்ளைத் துணி முகமூடி, கையுறை எல்லாம் கட்டாயமாயின. அந்த வெள்ளை முகமூடியைப் போட்ட பொம்மைகளைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தார். உள்ளே வேர்த்து ஊற்றும், மூச்சு முட்டும், ஆனால் ஒருவரும் கழற்ற மாட்டோம் என்றதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பக்கவாட்டில் நிற்கும் நான்கு அங்குல இரட்டைப் பீரங்கிகளை யாரும் அதிகம் பார்ப்பதில்லை. சின்னதாக இருப்பதால் போலும். எனக்கு அவற்றின் முன்னால்தான் கால் நின்றது. முன்னால் மட்டும் ஒரு இரும்புத் தடுப்பு, பின்பக்கம் முழுக்கத் திறந்தது. குழல் குட்டை, அதனால் வாய் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆறு அங்குலம் 'தொம்' என்றால் இது 'பட்டீர்' என்று கிழிக்கும். விமானத்தை அடிக்கும் பீரங்கி என்பதால் ஓயாமல் சுடும். எந்தக் கடற்படையில் வேலை பார்த்த பழைய கன்னரைக் கேட்டாலும் தன் காதைக் கெடுத்தது பெரிய பீரங்கி இல்லை, இந்தச் சின்னப் பீரங்கிதான் என்றுதான் சொல்வார். எனக்கும் அப்படித்தான், பின்னாளில் வேறொரு கப்பலில், இதே ரகத்தின் பக்கத்தில். அந்தக் காலத்தில் காதுக்குப் பஞ்சு. அதையும் உத்தரவு காதில் விழ வேண்டுமே என்று பாதி எடுத்துவிடுவோம்.

கெட்டது எது என்றால், உச்ச ஸ்தாயி. டாக்டர் எடுத்த வரைபடத்தில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுகிறது. வெடிச் சத்தத்தில் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம். ஆண்கள் பேசுவது கேட்கும், பெண்களும் குழந்தைகளும் பேசுவது பாதி உதிர்ந்துவிடும். பறவைகள் இல்லை. இடது காதில் மட்டும் விடாமல் ஒரு விசில். மாப்பிள்ளையை வலது பக்கம் நடக்கச் சொன்னதற்குக் காரணம் அந்த நான்கு அங்குலத்தின் முன்னால் நிற்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "ஏன் மாமா இத்தனை வருஷமா சொல்லவே இல்ல?" என்றார். கேட்டவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கப்பலின் சண்டை வரலாற்றை அங்கே விரிவாக வைத்திருக்கிறார்கள், நான் சுருக்கிவிடுகிறேன். 1939 நவம்பரில் கண்ணிவெடியில் சிக்கி முதுகெலும்பு முறிந்து, மூன்று வருடம் பழுது பார்த்து, 1943 டிசம்பர் 26-இல் நார்வேக்கு வடக்கே ஜெர்மன் போர்க்கப்பல் ஷார்ன்ஹார்ஸ்ட்டை மூழ்கடித்த சண்டையில் இருந்தது. ஷார்ன்ஹார்ஸ்ட்டில் இருந்த 1,968 பேரில் 36 பேர்தான் பிழைத்தார்கள். நார்மண்டியில் ஐந்து வாரத்தில் ஆறு அங்குலக் குண்டுகள் மட்டும் 1,996. கொரியப் போரில் எட்டாயிரத்துக்கு மேல். இந்த எண்களைப் படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிச் சத்தமும் ஒரு 51 கிலோவும் உண்டு என்று சேர்த்துப் படியுங்கள்.

முன்டரட்டுகளின் குழல்கள் வடமேற்காகத் தூக்கி நிற்கின்றன. எம்1 நெடுஞ்சாலையில் இருக்கும் லண்டன் கேட்வே சர்வீஸ் நிலையத்துக்குக் குறி வைத்திருக்கிறார்களாம், இருபது கிலோமீட்டர் தூரம். இந்தப் பீரங்கிக்கு எட்டும் தூரம் 23 கிலோமீட்டர். ஆங்கிலேயர்களின் நகைச்சுவை. எனக்குப் பிடித்தது.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது கப்பலின் குற்றத்துக்காக இல்லை, அந்தக் காற்று அடி இல்லாத எந்தப் பீரங்கிக் காட்சிக்கும் ஐந்து போட எனக்கு மனம் வராது.

போகிறவர்களுக்கு: ஒன்பது தளம், பெரும்பாலும் இரும்பு ஏணிதான். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நான்கு அங்குலத்தையும் டரட்டுகளையும் அங்கிருந்தே பார்க்க முடியும். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி இறங்குங்கள். ஹேட்சின் விளிம்பில் தலை இடிக்கும், குனியுங்கள். கால் சோர்வதற்கு முன்பே குண்டறைக்கு இறங்கிவிடுங்கள், டரட்டைப் பிறகு பார்க்கலாம். பள்ளி விடுமுறை நாளைத் தவிர்ப்பது நல்லது, நாலு பேர் சேர்ந்து நின்றாலே டரட்டுக்குள் பிரீச் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.